மடிக்காத இலை

மேகமலையே! உன் முடியில் முகில் குடியிருக்கிறது. உன் கிழக்கு அடிவாரத்திலோ வறட்சி குடியிருந்தது. மேற்கே பெரியாற்று நீர் பாய்ந்து நெல் விளைந்தது. கிழக்கே கடமலைக்குண்டு, மயிலாடும்பாறைக் காடுகளில் வானம் பார்த்துக் கம்பும் சோளமும் சாமையும் விளைந்தன. இரண்டுக்கும் நடுவே நீ சுவராக நின்றாய். சுவருக்கு இருபுறத்தாரையும் ஒரே பந்தியில் அமர்த்திய மனிதர் மறைந்தார். பாரி மறைந்தபின் பறம்பை நோக்கி நின்றார் கபிலர். எனக்கு அவர் தமிழ் இல்லை. அவர் நின்ற நிலை மட்டும் வாய்த்தது.

எங்கள் பெரியவர் அரசரல்லர். புலவர் பாடிய வள்ளலுமல்லர். சின்னமனூர்ப் பக்கம் சிறிது நஞ்சை உடையவர். என் அப்பத்தாவின் அண்ணன். மேற்கே ஓடிய பெரியாற்றைப் பென்னிகுயிக் அணைகட்டிக் கிழக்கே திருப்பியது 1895-இல். அந்த நீரால் கம்பம் பள்ளத்தாக்கில் இருபோகம் விளையும் நிலம் 14,707 ஏக்கர். அதில் அவருடையது ஒரு வரப்போரம். அந்த வரப்போரத்து நெல்லைக் கொண்டுதான் அவர் தம் வீட்டுக் கல்யாணங்களில் ஊரையும் மலைக்கு அப்பாலிருந்த உறவையும் உண்பித்தார்.

கிழக்கத்தியாருக்கு நெல்லுச்சோறு தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கல்யாணத்துக்கும் வருகிற விருந்தாளி. மற்ற நாளெல்லாம் கம்மங்கூழ், சோளச்சோறு. கல்யாணச் செய்தி வந்தால் மாப்பிள்ளை யாரென்று கேட்குமுன், “சோறு எந்த வீட்டுல?” என்று கேட்பார்களாம். அண்ணன் வீடு என்றால் மறுபேச்சின்றி வண்டி பூட்டுவார்கள் என்று சொல்லிச் சிரிப்பாள் அப்பத்தா. சிரித்த வாயும் இன்று மண்ணுக்குள்.

அந்த இரவுகளை நான் சிறுவனாய்க் கண்டிருக்கிறேன். கொல்லையில் மண்ணை வெட்டிக் கோட்டை அடுப்பு. தவசுப்பிள்ளை சூடம் காட்டி நெருப்பிடுவார். ஊர்ப்பெண்கள் அரிவாள்மனைகளை வட்டமாகப் போட்டுப் பூசணியும் கத்தரியும் அரிவார்கள். விடியுமுன் சோறு வடியும். பாய்மேல் நனைத்து விரித்த வேட்டியில் அண்டாவைச் சாய்த்ததும் ஆவி எழுந்து பந்தலை மூடும். “மேகமலை! மேகமலை!” என்று கூவியபடி பிள்ளைகள் அந்த வெண்மைக்குள் ஓடுவோம்.

இலையின் நுனி இடப்பக்கம். ஓரத்தில் உப்பு. பூசணிக் கூட்டு, வாழைக்காய்ப் பொரியல், அப்பளம். குவித்த சோற்றின் நடுவே குழி, குழியில் பருப்பு, பருப்பின்மேல் நெய். பிறகு சாம்பார், ரசம், மலை ஏலத்தைத் தட்டிப் போட்ட வெல்லப் பாயசம், மோர். அவ்வளவே விருந்து.

தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பந்தி விசாரிக்க வருவார் பெரியவர். கிழக்கத்தியாருக்கே முதல் பந்தி என்பது அவர் வைத்த சட்டம். கேட்க நாணியவர் முன் நின்று பெயர் சொல்லி அழைக்கமாட்டார். சோற்றுக்கூடைக்காரரைக் கண்ணால் அழைத்து இலையை விரலால் காட்டுவார். ஒருமுறை, வீட்டில் விட்டுவந்த பேரனுக்காக ஒரு கிழவர் சோற்றைத் துண்டில் மறைத்து முடிவதை அவர் கண்டார். கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கிழவர் ஏறிய வண்டியில், வாழைநாரால் கட்டிய சோற்றுப்பொதி ஒன்று முன்னமே ஏறியிருந்தது.

எல்லாப் பந்தியும் எழுந்தபின் தாம் உண்பார். அருகில் அமர்ந்த எனக்கு அவர் சொல்லித்தந்தது ஒன்று: “நல்ல வீட்டுல இலையை உன் பக்கமா மடிக்கணும், உறவு உன்னோட வரும். இழவு வீட்டுல எதிர்ப்பக்கமா மடிச்சுட்டு எந்திரிக்கணும். கை மாறிடப்படாதுய்யா.”

உணவு இடம் மாறும் என்பதை அறிவேன். நல்லாவூர் கிழார் பாடிய அகநானூற்று 86-ஆம் பாட்டில் மணவிருந்து உழுந்து சேர்ந்த களி. அந்தக் களி மணப்பந்தலை விட்டகன்று, கருப்பட்டியும் நல்லெண்ணெயும் துணையாக, வயதுக்கு வந்த பெண்ணின் வீட்டில் இன்றும் வாழ்கிறது. அதற்காக நான் அழவில்லை.

இந்தத் தையில் பெரியவரின் கொள்ளுப்பேரனுக்குக் கல்யாணம். மண்டபம்; காண்ட்ராக்ட் சமையல். இலைகொள்ளாத வகைகள், பனீர், கோபி மஞ்சூரியன், ஐஸ்கிரீம், பீடா. 2023-ஐ உலகம் சிறுதானிய ஆண்டென்று கொண்டாடியபின் மண்டபங்களுக்கும் ஏறிய மண்பானை ஒன்று வாசலருகே மாலை சூடி நின்றது. உள்ளே கம்மங்கூழ், பக்கத்தில் மோர்மிளகாய். கூழுக்குத் தப்பி ஒருநாள் நெல்லுச்சோறு தேடி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள், அந்தக் கூழுக்காக வரிசையில் நின்றார்கள்.

ஐய! பசி போயிற்று, நன்று, அது திரும்பாதிருக்கட்டும். ஆனால் பசித்தவன் நாணத்தை அறிந்த உம் கண்ணும் அதோடு போயிற்றே! நெல் உண்டு, நீர் உண்டு, மலையில் ஏலம் உண்டு. ‘இந்த இலைக்கு’ என்று நீட்டிய விரல் எங்கே? சீருடைப் பிள்ளைகள் வாளியோடு விரைகிறார்கள், குறை ஒன்றுமில்லை. எந்த இலையின் முன்னும் நிற்க அவர்களுக்கு நேரமில்லை. யாரிடம் சொல்லி ஆறுவேன்? அப்பத்தாவும் இல்லை. முகில் மூடிய மலையோ முகம் காட்டவில்லை.

உண்டு முடித்தேன். மணவீடு; இலையை என் பக்கம் மடிக்கவேண்டும். நெஞ்சோ இழவு வீட்டில் இருந்தது. எப்பக்கம் மடிப்பதென்று அறியாமல், எச்சில் உலரும் கை இலைமேல் நின்றது.

அதற்குள் அடுத்த பந்திக்கு நேரமாயிற்று. மேசையின் மறுமுனையிலிருந்து ஒரு பையன் விரித்திருந்த காகிதத்தைச் சுருட்டிக்கொண்டே வந்தான். என் இலையும் அதோடு சுருண்டு போயிற்று, மடிக்காமலே.