சேவைக்குப் போக யாருக்கு வசதி?

"ஒரு ஷிஃப்ட் விட்டாலே சனிக்கிழமை சம்பளத்துல தெரியுது. மூணு மாசம்னா என்னங்க பண்றது?"

எங்கள் மாலைநேர வகுப்பில் பாடம் எடுக்கும் தங்கையின் அம்மா கேட்டது இது. இருவருமே பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போகிறவர்கள்.

இலங்கை மலையகத்தில் தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளுக்கு மூன்று மாதம் கற்பிக்கும் வாய்ப்பு அவளுக்கு வந்திருந்தது. 19ஆம் நூற்றாண்டில் காபி, தேயிலைத் தோட்டங்களுக்குக் கொண்டுபோகப்பட்டவர்களில் பெரும்பாலோர் நம் சேரிகளிலிருந்து போனவர்கள். அதனால் எங்களுக்கும் மகிழ்ச்சி. பிறகுதான் மின்னஞ்சல் வந்தது: பதிவுக் கட்டணம், தங்குமிடம், விமான டிக்கெட் எல்லாம் தன்னார்வலர் பொறுப்பு. பாடம் நடத்தப் போகிறவளே பணமும் கட்ட வேண்டும்!

நிதி தேடினோம். பட்டியல் சாதியினருக்கான தேசிய வெளிநாட்டு உதவித்தொகை முதுகலை, முனைவர் படிப்புகளுக்கு மட்டும். ஐ.நா. தன்னார்வலர் திட்டம் பயணச் செலவும் மாதப் படியும் தருகிறது. ஆனால் பல இடங்களுக்குப் பட்டத்தோடு பணி அனுபவமும் கேட்கிறார்கள். நான்கு வருடம் பாடம் எடுத்தவளுக்கு அதைக் காட்ட ஒரு துண்டுக் காகிதம்கூட நாங்கள் கொடுத்திருக்கவில்லை. அது எங்கள் தவறு.

நன்கொடை கேட்டபோது, வீட்டுக்கு ஈடாக மூன்று மாதக் கூலியையும் கணக்கில் சேர்த்தோம். "சேவைக்குமா சம்பளம்?" என்றார் ஒரு நண்பர். கூலியில்லாமல் உழைப்பதற்கு நம் பாட்டன் காலத்தில் வேறு பெயர் இருந்தது, தோழர்களே: வெட்டி வேலை. வீட்டில் அரிசி இருப்பவர் செய்தால்தான் அது சேவை.

1913இல் பரோடா மன்னர் சாயாஜிராவ் மாதம் பதினொன்றரை பவுண்டு கொடுத்ததால்தான் அம்பேத்கர் கொலம்பியா பல்கலைக்கழகம் போக முடிந்தது. 1917இல் அதே பரோடாவுக்கு வேலைக்கு வந்தவருக்குத் தங்க நிலையாக ஓர் அறை கிடைக்கவில்லை. போகும் செலவை மட்டும் கணக்கிட்டால் போதாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். திரும்பி வந்ததும் அவளுக்கு வேலை இருக்குமா என்பதும் கணக்கில் சேர வேண்டும்.

அந்த வாய்ப்பைத் தங்கை மறுத்துவிட்டாள். நாங்கள் சனிக்கிழமைதோறும் ஒரு உண்டியல் வைக்கிறோம். இன்னும் டிக்கெட் காசுகூடத் தேறவில்லை. பாடம் எடுக்கும் எல்லோருக்கும் அனுபவச் சான்று எழுதிக் கொடுக்கத் தொடங்கிவிட்டோம்.

உங்களுக்கு இப்படி அழைப்பு வந்தால் முதலில் மூன்று கேள்வி கேளுங்கள்: கட்டணம் யார் கட்டுவது? எந்த விசாவில் அனுப்புகிறீர்கள்? நான் இல்லாத மாதங்களில் என் வீட்டில் அடுப்பு எப்படி எரியும்? கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

ஜெய்பீம்.