வெள்ளிமலையில் ஒரு ரிபப்ளிகன்

கள்ளக்குறிச்சி,
மாசி மாதம்

அன்புள்ள நண்பா,

கல்வராயன் மலைக்குப் போகிறேன் என்றதும் மேகம் அருவியைப் படமெடுத்து அனுப்பச் சொன்னாய். மாசியில் அருவியில் என்ன இருக்கும்? அதற்குப் பதிலாக ஒரு டெக்சாஸ்காரரைப் பற்றி எழுதுகிறேன்.

டெக்சாஸ்காரர் என்றாலும் பிறந்தது என்னவோ சின்னசேலம் பக்கம்தான். எழுபதுகளின் கடைசியில் அமெரிக்கா போன எஞ்சினியர். குடியுரிமை கிடைத்த நாளிலிருந்து ரிபப்ளிகன் கட்சியைத் தவிர வேறு எதற்கும் ஓட்டுப் போட்டதில்லை என்கிறார். தை, மாசியில் இங்கே வந்து தம்பி வீட்டில் தங்குவார். பெயரைப் போடாதே என்று சொல்லிவிட்டதால் பெரியவர் என்றே எழுதுகிறேன். வீட்டுக் கூடத்தில் ரொனால்ட் ரீகன் படமும் ராஜாஜி படமும் ஒரே சட்டத்துக்குள் இருக்கின்றன. முதல் நாள் அதைப் பார்த்துச் சிரித்தேன். அடுத்த நாள் சிரிக்கவில்லை. காரணம் பின்னால் வரும்.

அவருடைய கொள்கைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வரி குறைய வேண்டும். அரசாங்கம் சின்னதாக இருக்க வேண்டும். கருக்கலைப்பு விவகாரத்தை 2022இல் உச்ச நீதிமன்றம் மாநிலங்களிடமே விட்டது சரி. கல்லூரிச் சேர்க்கையில் இனத்தைப் பார்க்கக் கூடாது என்று 2023இல் ஹார்வர்ட் வழக்கில் தீர்ப்பு வந்தது அதைவிடச் சரி. எல்லையை மூட வேண்டும். இந்தக் கடைசிக் கொள்கைக்கு மட்டும் சமீபத்தில் சின்ன இடைஞ்சல். புதிய ஹெச்-1பி வேலை விசா விண்ணப்பத்துக்கு 1 லட்சம் டாலர் கட்ட வேண்டும் என்று 2025 செப்டம்பரில் டிரம்ப் உத்தரவு போட்டார் அல்லவா, பெரியவரின் தங்கை பேரன் பெங்களூரிலேயே நின்றுவிட்டான். "அது வேற விஷயம் தம்பி" என்று பேச்சை மாற்றினார். எந்தக் கொள்கைக்காரருக்கும் 'அது வேற விஷயம்' என்று ஒன்று இருக்கத்தான் செய்கிறது.

மலைக்கு அவர் காரிலேயே போனோம். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையை ஒட்டி ஏறினால் வெள்ளிமலை. வழியெல்லாம் மரவள்ளி. ஓரிடத்தில் கிழங்கு ஏற்றிக்கொண்டிருந்த லாரிக்காகக் காத்து நிற்க வேண்டியிருந்தது. இறங்கிப் பேச்சுக் கொடுத்தோம். மூட்டைக்கு என்ன விலை என்று கேட்டதற்கு, "பாயிண்ட் பாத்தாதாங்க தெரியும்" என்றார் அந்த விவசாயி. கிழங்கில் எவ்வளவு மாவு இருக்கிறது என்பதுதான் பாயிண்ட். அதைப் பார்ப்பது ஆத்தூரிலோ சின்னசேலத்திலோ இருக்கும் சேகோ ஆலை. சரக்கை விற்பவன் மலையில், அதை அளப்பவன் கீழே. சந்தை தானாகவே சரிசெய்துகொள்ளும் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்த பெரியவர், "அளக்கிறவனும் வாங்குறவனும் ஒரே ஆளா? டெக்சாஸ்ல இது நடக்காது" என்றார். ஏன் நடக்காது என்று கேட்டேன். பெட்ரோல் பம்பிலிருந்து தராசு வரைக்கும் அங்கே அரசாங்க இன்ஸ்பெக்டர் வந்து முத்திரை வைப்பாராம். சொல்லி முடித்ததும் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

சின்ன அரசாங்கம் எப்படி இருக்கும் என்று பார்க்க விரும்புகிறவனை இந்த மலைக்குத்தான் அனுப்ப வேண்டும். 1976 வரைக்கும் இங்கே அரசாங்கம் என்பது பெயரளவுக்குத்தான். சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், அரியக் கவுண்டர் என மூன்று ஜாகிர்தார் பரம்பரைகள் மலையைப் பங்கு போட்டு ஆண்டன. கிருஷ்ணதேவராயர் காலத்தில் கொடுத்தது என்பது இங்குள்ள வழக்கு. வெள்ளைக்காரனும் கீழே இருந்தே கும்பிடு வாங்கிக்கொண்டு போய்விட்டான். மலையாளிப் பழங்குடிகள் ஏருக்கும் கொத்துக்கும் வரி கட்டினார்கள், ஜாகிர்தார் நிலத்தில் கூலியில்லாமல் உழைத்தார்கள். நாடு சுதந்திரம் பெற்று முப்பது வருஷம் ஆகப்போகிற நேரத்தில், அதுவும் நெருக்கடி நிலையின்போது, அரசு மலையைத் தன் கைக்கு எடுத்தது. ஜனநாயகம் படுத்துக் கிடந்த நேரத்தில் இந்த ஊருக்கு விடிந்தது என்பது சரித்திரத்தின் குசும்பு.

வெள்ளிமலை டீக்கடையில் பெரியவர் தன் பழைய பாட்டை எடுத்தார். இலவச அரிசி ஜனங்களைச் சோம்பேறியாக்கிவிட்டது, சாமையும் தினையும் விதைத்த மலை ரேஷன் கடைக்கு முன்னால் நிற்கிறது, ரீகன் அப்போதே சொன்னார் என்று. சாமை குறைந்தது உண்மைதான். அதில் எனக்கும் வருத்தம் உண்டு. பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்த அம்மா கரண்டியைக் கீழே வைக்காமலே சொன்னார்: "எங்க ஐயா காலத்துல அரிசி ஓசியில இல்ல சாமி, ஆளுதான் ஓசி." பெரியவர் இன்னொரு டீ சொன்னார். அவரிடம் எனக்குப் பிடித்ததே இதுதான். பதில் இல்லாவிட்டால் கத்துவதில்லை.

துப்பாக்கி விஷயத்தில் மட்டும் மலை அவர் பக்கம். கல்வராயனில் நாட்டுத் துப்பாக்கி புதிதல்ல. பன்றி வந்து கிழங்கைத் தோண்டினால் போலீசுக்கு போன் போட்டுக் காத்திருக்க முடியாது. உரிமம் இல்லாததை ஒப்படையுங்கள் என்று போலீஸ் அவ்வப்போது ஊர் ஊராகச் சொல்லும். "இதுதான் எங்க செகண்ட் அமெண்ட்மெண்ட்" என்று அவருக்கு ஒரே உற்சாகம். ஆயுதம் வைத்துக்கொள்ளும் உரிமை என்று 1791இல் எழுதியதைப் பன்றிக்கு எதிரான சட்டமாகப் படித்தால் நானும் ஒத்துக்கொள்கிறேன் என்றேன்.

இனி சாராயத்துக்கு வருகிறேன். கள்ளக்குறிச்சி என்றதும் உனக்கும் அதுதானே ஞாபகத்துக்கு வந்திருக்கும்.

இந்த மலையில் ஊறல் போடுவது பழைய தொழில். வெல்லம், கடுக்காய், பட்டை. ஓடைக்கரையில் பேரலைப் புதைத்து மேலே தழையைப் போட்டு மூடிவிடுவார்கள். போலீஸ் மலை ஏறி பேரலைக் கவிழ்த்து, இத்தனை லிட்டர் ஊறல் அழிப்பு என்று பத்திரிகைக்குச் செய்தி கொடுக்கும். ஆனால் 2024 ஜூனில் கருணாபுரத்தில் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது இந்த ஊறல் அல்ல, மெத்தனால். அது பேரலில் ஊறி வருவதில்லை. ஆலைக்குப் போகிற ரசாயனம் லாரியில் வந்து, தண்ணீர் கலந்து, பாக்கெட்டில் போகிறது. பழி மட்டும் மலைமேல் ஏறிவிட்டது.

கருணாபுரத்துக்கும் போனோம். ஊருக்கு ஒதுக்குப்புறம் என்று நினைத்திருப்பாய். இல்லை. நகரத்தின் நடுவிலேயே இருக்கிறது, காவல் நிலையமும் நீதிமன்றமும் கூப்பிடு தூரத்தில். பெரும்பாலும் தினக்கூலிகள் வாழ்கிற தலித் குடியிருப்பு. டாஸ்மாக் குவார்ட்டர் 100 ரூபாயைத் தாண்டிவிட்டது, பாக்கெட் அதில் பாதிதான். கூலி வேலைக்காரன் எதை வாங்குவான்? அந்த மரணங்களுக்குப் பிறகு சட்டசபையில் சட்டத்தைத் திருத்தி ஆயுள் தண்டனை வரை கொண்டுவந்தார்கள், வழக்கை உயர் நீதிமன்றம் சி.பி.ஐ.க்கு மாற்றியது. இவையெல்லாம் நீ படித்தவைதான். அங்கே யாரிடமும் நான் எதுவும் கேட்கவில்லை. கேட்டுக் கேட்டு அலுத்தவர்கள் அவர்கள்.

திரும்பி வரும்போது பெரியவர், "எல்லாத்தையும் மூடணும், ஒரு கடை இருக்கக் கூடாது" என்றார். காலையிலிருந்து அரசாங்கம் எதிலும் தலையிடக் கூடாது என்று சொன்ன அதே வாய். இதைச் சுட்டிக்காட்டியபோதுதான் ராஜாஜி படத்துக்கு அர்த்தம் சொன்னார்.

பர்மிட், லைசென்ஸ் ராஜ்யம் ஒழிய வேண்டும் என்று 1959இல் சுதந்திராக் கட்சி தொடங்கிய அதே மனிதர்தான் 1937 அக்டோபர் 1 அன்று சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு கொண்டுவந்தவர். அதற்கு முன்பே திருச்செங்கோடு ஆசிரமத்திலிருந்து மதுவிலக்குக்காகவே 'விமோசனம்' என்ற பத்திரிகை நடத்தினார், கல்கி அதில் வேலை பார்த்தார். வியாபாரியை விட்டுவிடு, குடிகாரனைப் பிடி என்பதுதான் ராஜாஜியின் அரசியல் என்று நான் கிண்டலாகச் சொன்னதற்குப் பெரியவர் கோபிக்கவில்லை. "குடும்பம் இல்லாம சுதந்திரம் எதுக்கு தம்பி? குடும்பத்தைக் காப்பாத்துற அளவுக்கு அரசாங்கம் வேணும், அதுக்கு மேல வேண்டாம்." அவருடைய அமெரிக்க வலதுசாரித்தனம் முழுவதும் இந்த ஒரே வாக்கியத்தில் அடங்கிவிடுகிறது. கருக்கலைப்பு, துப்பாக்கி, வரி எல்லாவற்றுக்கும் இதுதான் மூலம்.

அமெரிக்க வலதுசாரிகளே இந்த இடத்தில்தான் இரண்டாகப் பிரிந்தார்கள் என்பது அவருக்கும் தெரியும். 1920 ஜனவரியில் நாடு முழுவதும் மதுவிலக்கு வந்தது. சர்ச்சுக்காரர்கள் கொண்டாடினார்கள். அதை ஒழிக்கப் பணம் கொட்டியவர்களோ டூபான்ட் குடும்பத்தைப் போன்ற பெரும் பணக்காரர்கள், முன்னால் நின்று பெண்களைத் திரட்டியவர் பாலின் சேபின் என்ற ரிபப்ளிகன் சீமாட்டி. மதுவரி போனால் வருமான வரி ஏறும் என்ற கணக்கும் அதில் இருந்தது. 1933 டிசம்பரில் சட்டம் போனது. இடையில் நடந்ததுதான் கருணாபுரத்தைப் பார்த்துவிட்டு வந்தவனுக்குத் தொண்டையில் நிற்கிறது. ஆலைப் பயன்பாட்டுக்கான ஆல்கஹாலை யாரும் குடித்துவிடக் கூடாது என்று அதில் மெத்தனால் கலக்க வைத்ததே அமெரிக்க அரசாங்கம். குடித்தார்கள், செத்தார்கள். 1926 கிறிஸ்துமஸ் சமயத்தில் நியூயார்க் ஆஸ்பத்திரிகள் நிறைந்தன. நகரத்தின் தலைமைப் பிணப் பரிசோதகர் சார்லஸ் நாரிஸ் அரசாங்கத்தையே குற்றம் சாட்டினார்.

இதைச் சொல்லி நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தபோது பெரியவர் கேட்டார்: "சேல்ஸ் டாக்ஸ் எப்படி வந்துச்சுன்னு தெரியுமா?"

தெரியும். ஆனால் அந்த இடத்தில் அதைச் சேர்த்துப் பார்த்ததில்லை. மதுவிலக்கால் போன கலால் வருமானத்தை ஈடுகட்டத்தான் 1939இல் ராஜாஜி விற்பனை வரி கொண்டுவந்தார். சாராயக் காசு வேண்டாம், அதற்குப் பதில் எல்லாரும் கொஞ்சம் கொஞ்சம் கொடுங்கள் என்பது ஒப்பந்தம். வரியே பிடிக்காத ஒருவர் போட்ட வரி. 1971 ஆகஸ்டில் மதுவிலக்கு தளர்ந்தது. அதற்கு முன் தொண்ணூறு வயதைத் தாண்டிய ராஜாஜி கொட்டும் மழையில் கருணாநிதி வீட்டுக்கே போய் வேண்டாம் என்று கேட்டுப் பார்த்தார். 1974இல் மறுபடி மூடி, 1981இல் எம்.ஜி.ஆர். மறுபடி திறந்து, 2003இல் சில்லறை விற்பனையே டாஸ்மாக் கைக்கு வந்து, 2023-24இல் வருமானம் 45,000 கோடி ரூபாயைத் தாண்டிவிட்டது. கடை திரும்ப வந்தது, வரி திரும்பிப் போகவில்லை. பாட்டிலின் மேலேயே கலால் ஒன்று, விற்பனை வரி ஒன்று என இரண்டும் ஏறி உட்கார்ந்திருக்கின்றன. "அரசாங்கத்துக்கு ஒரு வரியக் குடுத்துப் பாரு, திருப்பி வாங்க முடியாது. இதைத்தான் நாங்க கரடியா கத்துறோம்" என்றார். இந்த ஒரு விஷயத்தில் அவருக்குப் பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை, உன்னிடம் இருந்தால் எழுது.

அதற்காக நான் கடையை மூடும் கட்சிக்குப் போய்விடவில்லை. 1937இல் கருமந்துறைப் பக்கம் சேலம் ஜில்லா, வெள்ளிமலைப் பக்கம் தென்னாற்காடு. காகிதத்தில் ஒரே மலையின் ஒரு சரிவில் குடித்தால் குற்றம், மறு சரிவில் குற்றமில்லை. ஓடைக்கும் பேரலுக்கும் ஜில்லா எல்லை தெரியாது. இன்று முழுவதும் மூடினாலும் புதுச்சேரி இங்கிருந்து ஒரு பஸ் தூரம்தான். கடையை மூடுவதற்கு முன் மெத்தனால் லாரியைப் பின்தொடர ஒரு ஆள் வேண்டும், கருணாபுரத்துக்கு நிலையான கூலி வேண்டும், மலையில் பாயிண்ட் பார்க்க ஒரு நடுநிலை ஆள் வேண்டும். இவை மூன்றும் அரசாங்க வேலை. இதைச் சொன்னேன். "நீ லிபரல்" என்றார், அவர் ஊரில் அது வசவு.

அவரிடம் இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டை இருக்கிறது, இங்கே ஓட்டு இல்லை. 2024 அக்டோபர் 2 அன்று உளுந்தூர்பேட்டையில் விடுதலைச் சிறுத்தைகள் நடத்திய மது ஒழிப்பு மாநாட்டை டெக்சாஸில் இருந்தபடி போனிலேயே முழுவதும் பார்த்தாராம். ஒரு ரிபப்ளிகன்காரர் திருமாவளவன் பேச்சுக்குக் கைதட்டியதை அவர் கட்சிக்காரர்கள் யாரிடமும் சொல்லிவிடாதே.

நாளை ஆத்தூர் வழியாகச் சேலம், அங்கிருந்து ரயில். ஒரு வேலை இருக்கிறது உனக்கு. மூர் மார்க்கெட் பக்கமோ யாராவது பழைய புத்தகக்காரரிடமோ 'விமோசனம்' இதழ்கள் கிடைக்குமா என்று விசாரி. பெரியவருக்கு வேண்டுமாம், பங்குனியில் டெக்சாஸ் திரும்புகிறார். பேரம் பேசாதே, டாலரில் கொடுப்பார்.

அன்புடன்,
உன் நண்பன்