உம்மாட பேட்டுக் கோழி

மூன்று கிழமையாக எங்கள் வீட்டுப் பக்கம் வந்தவர்கள் எல்லாரும் கேட்ட கேள்விக்கு ஒரேயடியாகப் பதில் எழுதி விடுகிறேன். ஓம், உம்மாவின் அறைக்குள் இருந்தது கோழிதான்.

கீரி கடித்த கோழி. வாய்க்கால் ஓரத்து வீட்டுக்காரர்களுக்குக் கீரியைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. பட்டப்பகலில் வரும். அன்று பள்ளிக்கூடம் விட்டு வந்து இறங்கும்போது பேடு மாமரத்தடியில் சரிந்து கிடந்தது. முதுகில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் கிழிந்து சதை தெரிந்தது. மற்றக் கோழிகள் சுற்றி நின்று அந்தச் சிவப்பைக் கொத்திக் கொண்டிருந்தன. இரத்தத்தைக் கண்டால் கோழி தன் கூட்டத்தையும் விடாது. மருந்தெல்லாம் பிறகு, முதலில் தூக்கி எடுத்து வேறாக்க வேண்டும்.

இவர் கத்தியைக் கழுவி எடுத்து வந்துவிட்டார். அதில் பிழையில்லை. உயிர் இருக்கும்போது பிஸ்மி சொல்லி அறுத்தால் ஹலால். ராவைக்குச் செத்தால் புதைக்கத்தான் வேண்டும். ஊர்க்கோழி விற்கிற விலைக்கு அதுவும் ஒரு நட்டம். வேதனைப்படுகிற சீவனை விடிய விடிய இழுபட விடுவதும் சரியில்லைதானே. பக்கத்து வீட்டுச் சாச்சியும் மதிலுக்கு மேலால் அதையேதான் சொன்னார்.

உம்மா மட்டும், "சுபஹு மட்டும் பாப்பம் மகள். தண்ணி குடிச்சா இரிக்கட்டும். குடிக்கல்லண்டா அறுங்க" என்றார். கத்தி குசினி ஜன்னலில் காத்திருந்தது.

கொதித்து ஆறிய தண்ணீரில் லீற்றருக்கு 9 கிராம் கணக்கில் உப்புப் போட்டேன். ஆஸ்பத்திரியில் ஏற்றுகிற சேலைனின் உப்பளவு அதுதான். விஞ்ஞானம் படிப்பிக்கிறவளுக்கு இதுகூடத் தெரியாவிட்டால் எப்படி! ஊசியில்லாத சிரிஞ்சால் பீய்ச்சிக் கழுவி, சுற்றியிருந்த இறகைக் கத்தரித்து, பழைய சாரன் விரித்த மட்டைப் பெட்டிக்குள் வைத்தோம். கையில் நெருப்பாகச் சுட்டது. அது காய்ச்சலல்ல. கோழிக்குச் சும்மாவே 41 பாகை செல்சியஸ் அளவில்தான் உடம்பு இருக்கும்.

அதற்குள் விசயம் ஒழுங்கை முழுக்கப் பரவிவிட்டது. ஒருவர் மஞ்சள் அப்பச் சொன்னார், ஒருவர் வேப்பெண்ணெய் என்றார், இன்னொருவர் பெனடோலைக் கரைத்துப் பருக்கச் சொன்னார். வாயைப் பிளந்து தண்ணீர் ஊற்றச் சொன்னவர்களும் உண்டு. தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். கோழியின் மூச்சுக்குழல் வாசல் நாக்குக்குப் பின்னால் திறந்தபடி இருக்கிறது. ஊற்றுகிற தண்ணீர் அதற்குள் போனால் கீரி தொடங்கியதை நாம் முடித்து வைப்போம்.

உம்மா பெட்டியைத் தன் கட்டிலடிக்கு இழுத்து, பாதியைத் துணியால் மூடி, "எல்லாரும் வெளிய போங்க, அது தூங்கட்டும்" என்றார்.

பித்தப்பைக் கல் ஆப்பரேசன் முடிந்து உம்மா வீட்டுக்கு வந்து அப்போது ஒரு மாதம்கூட ஆகவில்லை. நோய் விசாரிக்க வராத ஆள் இல்லை, அல்ஹம்துலில்லாஹ். கட்டிலடியில் பிஸ்கட்டும் நெஸ்டமோல்ட்டும் குவிந்து கிடந்தன. ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து கதை சொல்லி, போத்தலில் போட்டுத் தந்த கல்லைக் காட்டி, அஸர் தொடங்கி இஷா வரைக்கும் உம்மா எழும்பிச் சாய்ந்து உட்கார்ந்திருப்பார். அன்றிரவுதான் சொன்னார்: "எனக்கு அந்த நேரம் நோவ விட ஆக்கள்தான் கஷ்டம் மகள். கண்ண மூடக் கிடைக்கல்ல." அதுவரை யாரிடமும் அதைச் சொன்னதில்லை. இதை உம்மாவிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். வந்தவர்கள் யாரும் மனம் நோக வேண்டாம், அன்போடுதான் வந்தீர்கள் என்று உம்மாவுக்குத் தெரியும்.

இரவு இரண்டு மணியிருக்கும், உம்மா கூப்பிட்டார். இருட்டுக்குள் பீங்கானில் சொண்டு படுகிற சத்தம். மூன்று தரம். மறுகா ஒருதரம். "குடிக்கிது" என்றார். நான் போய்க் கத்தியை அலுமாரிக்குள் வைத்தேன்.

விடிந்ததும் அரச கால்நடை வைத்தியரிடம் கொண்டு போனோம். தண்ணீரில் கலக்க ஐந்து நாள் மருந்து தந்தார். மருந்து முடிந்த பிறகும் அவர் குறித்துத் தந்த நாள் வரைக்கும் முட்டை இட்டால் சாப்பிடக் கூடாது. ஈதான் பெரிய எதிரி என்றார். ஈ முட்டையிட்டால் ஒரு நாளைக்குள் புழு வைத்துவிடும். அதனால் மகன் சின்னதில் படுத்த நுளம்பு வலை பெட்டிக்கு மேலே ஏறியது. தொட்டால் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சட்டம் போட்டோம்.

முதல் மூன்று நாளும் எச்சம் பச்சையாக இருந்தது. தீன் தின்னாத கோழிக்குப் பித்தம் மட்டும்தான் போகும். நான்காம் நாள் குருணல் கொத்தியது. அடுத்த நாள் எச்சம் மண்ணிறத்தில், மேலே வெள்ளைத் தொப்பியோடு வந்தது. நான் பள்ளிக்கூடத்தில் இருக்கும்போது உம்மா கோல் எடுத்து அதைத்தான் சொன்னார். ஸ்டாஃப் ரூமில் இருந்தவர்களுக்கு நான் என்னவென்று விளக்க?

காயம் ஓரத்திலிருந்து உள்ளே சுருங்கி மூடியது. பிடுங்குண்ட இடத்தில் இப்போது முள்ளு முள்ளாக இறகு முளைக்கிறது. முறிந்தவை மட்டும் அடுத்த இறகுதிர்வு வரைக்கும் அப்படியே இருக்கும்.

போன வெள்ளிக்கிழமை முற்றத்தில் விட்டோம். முன்பு எல்லாரையும் விரட்டித் தின்ற பேட்டுக்கு இப்போது கூட்டத்தில் கடைசி இடம். நேற்று வந்த குஞ்சுக்கோழிகூடக் கொத்துகிறது. அதனால் பகலில் கரப்புக்குள் வைத்து, மற்றவை பார்த்துப் பழகட்டும் என்று முற்றத்திலேயே விட்டிருக்கிறோம். மஹ்ரிபுக்குப் பிறகு உம்மா திரும்பவும் அறைக்குள் எடுக்கிறார்.

கரப்புத் தந்த சாச்சிக்கு: இன்னும் ஒரு கிழமைக்கு அது வேணும்.