தரையில் சிதறிய ஏடுகள்

வீடியோ விளையாட்டுகளைப் பற்றி எழுகிற கண்டனங்கள் பெரும்பாலும் இரண்டு குற்றச்சாட்டுகளை ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகின்றன. இரத்தம் மிகுதி என்பது ஒன்று, மதநிந்தனை என்பது மற்றொன்று. ஆட்டக்காரன் ஓடித் திரிகிற வீதிகளையும் மண்டபங்களையும் இடிந்த ஆலயங்களையும் வெளிநாட்டு நிறுவனங்களுக்காகக் கணினியில் சிருஷ்டித்துக் கொடுப்பதையே ஜீவனோபாயமாகக் கொண்டவன் என்ற முறையில், இவ்விரண்டும் எங்கள் தொழிற்கூடத்துக்குள் ஒரே வாசல் வழியாக நுழைவதில்லை என்பதை நான் சொல்லியாக வேண்டும்.

இரத்தம் எப்போதும் தெரிந்தே வைக்கப்படுவது. அது எவ்வளவு சிவப்பாயிருக்கலாம், எத்தனை நேரம் தரையில் தங்கலாம், வீழ்ந்தவன் உடல் சிதறலாமா கூடாதா என்பவையெல்லாம் கூட்டம் போட்டுத் தீர்மானிக்கப்படுகின்றன. 'மார்ட்டல் காம்பாட்' போன்ற விளையாட்டுகளைப் பற்றி 1993 டிசம்பரில் அமெரிக்க செனட் சபையில் நடந்த விசாரணையின் பயனாக, வயதுத்தரம் குறிக்கும் சபையொன்றைத் தொழில்துறையினரே 1994இல் ஏற்படுத்திக்கொண்டார்கள். சிறுவர்களுக்கு வன்முறை விளையாட்டுகளை விற்பதைத் தடுத்த கலிபோர்னியச் சட்டத்தை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2011இல், பேச்சுச் சுதந்திரத்துக்கு விரோதமென்று, 7க்கு 2 என்ற கணக்கில் தள்ளிவிட்டது. தீர்ப்பு சரியோ தவறோ, இரத்தத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது; அதைப் பார்க்க ஆளும் இருக்கிறார்கள்.

புனிதமான பொருள்களோ பெரும்பாலும் ஒருவரும் அறியாமலே உள்ளே வந்துவிடுகின்றன. பாழடைந்த அறையொன்றைச் சித்திரிக்கும்படி உத்தரவு வருகிறது, தரை வெறுமையாயிருக்கிறது, பழைய தாள்களைச் சிதறவிட்டால் அறைக்கு ஜீவன் வரும் என்று எண்ணுகிற இளைஞன், படத்தொகுப்புகளில் தேடி, கண்ணுக்கு இனிய பழுப்பேறிய ஏடொன்றை எடுத்து, டெக்ஸ்சர் என்கிற மேற்பரப்புப் படமாக்கித் தரையில் ஒட்டிவிடுகிறான். அவனுக்கு அது எழுத்தல்ல. ஒரு நிறம், ஒரு சொரசொரப்பு, அவ்வளவே. 2021 நவம்பரில் 'கால் ஆஃப் டியூட்டி: வேன்கார்ட்' என்ற விளையாட்டில் திருக்குர்ஆனின் தாள்கள் தரையில் சிதறிக் கிடந்ததை முஸ்லிம் ஆட்டக்காரர்கள் கண்டு கொதித்தார்கள், வெளியிட்ட நிறுவனம் மன்னிப்புக் கேட்டு, அத்தாள்களை அகற்றியது. அது எப்படி நேர்ந்ததென்று அங்கே வேலை செய்தவர்களே அறிவார்கள். ஆனால் இத்தொழிலில் உள்ள எவனும் அச்செய்தியைப் படித்து ஆச்சரியப்பட்டிருக்கமாட்டான். கால் பட்ட காகிதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் வழக்கத்தில் வளர்ந்த நமக்கு, அவர்கள் பட்ட வேதனையை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. அந்த விளையாட்டில் பிணங்கள் எழுந்து நடக்கின்றன, அவற்றை ஆட்டக்காரன் சுட்டுத் தள்ளுகிறான். அதையெல்லாம் பொறுத்துக்கொண்டவர்களைப் புண்படுத்தியது, தரையில் கிடந்த ஒரு தாள்.

ஓசையின் விஷயமும் இதுவே. விலைக்குக் கிடைக்கும் ஒலித்தொகுப்பில் 'கிழக்கத்திய குரல்' என்பது போன்ற தலைப்பில் இருப்பதை எடுத்துப் பின்னணியில் ஓடவிடுவது வெகு சுலபம். 1998இல் வந்த 'செல்டா' விளையாட்டின் நெருப்புக் கோயிலில் இஸ்லாமிய ஓதல் ஒன்று ஒலித்தது. பின்வந்த பதிப்புகளில் அதை நீக்கி வேறு இசையைப் போட்டார்கள். 2002இல் வந்த 'ககுடோ சோஜின்' என்ற சண்டை விளையாட்டிலும் குர்ஆன் ஓதல் பின்னணியில் சேர்ந்துவிட, மைக்ரோசாஃப்ட் அதைக் கடைகளிலிருந்தே திரும்பப் பெற நேர்ந்தது.

இந்த இரண்டோடும் சேர்க்கக் கூடாத ஒன்று 2008இல் நடந்தது. 'லிட்டில் பிக் பிளானெட்' என்ற விளையாட்டில் மாலி நாட்டின் கோரா வாத்திய வித்துவான் துமானி ஜபாத்தேயின் பாடலொன்று இருந்தது. அதில் இரண்டு குர்ஆன் தொடர்கள் வருகின்றன என்று தெரிந்ததும், வெளியீட்டைத் தள்ளிவைத்து, குரலை நீக்கிய பின்னரே சோனி நிறுவனம் அதை விற்பனைக்கு விட்டது. ஜபாத்தே ஒரு முஸ்லிம். இறைவனின் துதியைப் பாட்டில் சேர்ப்பது அவருடைய மண்ணின் சம்பிரதாயம். இசையோடு மறைமொழி கலப்பதை ஒப்பாத முஸ்லிம்களும் உண்டு. அவர்கள் வருத்தத்தை நான் பொய்யென்று சொல்லவில்லை. ஆயினும் பொருள் அறிந்து பக்தியோடு பாடியவனுக்கும், பொருளறியாமல் வெட்டி ஒட்டியவனுக்கும் ஒரே தண்டனை கிடைத்தது எனக்கு நியாயமாகப் படவில்லை.

புனிதமானது எதுவாயினும் நீக்கிவிடத் தூண்டும் இந்த அச்சத்தின் பழைய வடிவத்தை நிண்டெண்டோ நிறுவனத்தின் அமெரிக்கக் கிளையில் காணலாம். 'சூப்பர் காஸில்வேனியா' நான்காம் பாகம் 1991இல் அமெரிக்காவில் வெளிவந்தபோது கல்லறைகளின் மேலிருந்த சிலுவைகளைத் துடைத்துவிட்டார்கள். இதை மரியாதை என்று நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். வம்பு வேண்டாம் என்கிற வியாபார புத்தி அது.

நம் நாட்டிலும் இந்தச் சர்ச்சை வந்தது. ஹைதராபாத்தில் தயாராகி 2009இல் சோனி வெளியிட்ட 'ஹனுமான்: பாய் வாரியர்' என்ற விளையாட்டை, அமெரிக்காவாழ் இந்துப் பிரமுகர் ராஜன் ஜெட் ஆக்ஷேபித்தார். தெய்வம் பக்தனை ஆட்டுவிப்பதே உண்மையாயிருக்க, ஆட்டக்காரன் தெய்வத்தை ஆட்டுவிப்பது தகாது என்பது அவருடைய வாதம். கேட்டவுடன் தலையசைக்கத் தோன்றும் வாதம்தான். ஆனால் தோற்பாவைக் கூத்தில் ராமனையும் அனுமனையும் குச்சியில் கோத்து ஆட்டுகிறவனை நம் கிராமத்தார் ஒருநாளும் நிந்தித்ததில்லை. அவன் விநாயகரைத் துதித்துத் தொடங்குகிறான். ராமகதையை நெஞ்சில் வைத்திருக்கிறான். எந்தப் பாத்திரம் எங்கே நிற்கும், எங்கே நிற்காது என்பது அவனுக்குத் தெரியும். ஆகவே குற்றம் ஆட்டுவிப்பதில் இல்லை, அறியாமல் ஆட்டுவிப்பதில்தான் என்பது என் அபிப்பிராயம்.

சர்ச்சையை விரும்பி வரவழைப்பவர்களும் எங்கள் தொழிலில் இல்லாமலில்லை. 'டான்டேஸ் இன்ஃபெர்னோ' என்ற நரக விளையாட்டுக்காக 2009இல் லாஸ் ஏஞ்சல்ஸ் கண்காட்சி வாசலில் பதாகை தாங்கி நின்ற பக்தர்கள், விளம்பரத்துக்காக அமர்த்தப்பட்ட கூலிக்காரர்கள்! மெய்யான ஆக்ஷேபமும் அதனால் விளம்பரமாகவே பார்க்கப்படும் ஆபத்து உண்டாகிவிட்டது.

மெய்யாகப் புண்பட்ட வாசகர்கள் எவரேனும் இருந்தால் அவர்களுக்கு என் விண்ணப்பம் ஒன்றே: 'தடை செய்க' என்று பொதுவாக எழுதாமல், எந்தக் களத்தில், எந்தச் சுவரில், எந்த ஓசையில் என்று குறிப்பிட்டு எழுதுங்கள். பெரும்பாலான சமயங்களில் ஒரு படத்தையோ ஓசையையோ மாற்றுவது எங்களுக்குச் சிறு வேலை. எதை மாற்றவேண்டும் என்பதுதான் எங்களுக்குத் தெரியாமலிருக்கிறது.