இன்னா லோடு அடிச்ச வண்டி?

பழைய கார் வாங்கப் போகிறவர்கள் முதலில் மீட்டரைப் பார்ப்பார்கள். புளியந்தோப்பில் பழைய சரக்கு வண்டி வாங்கப் போனால் அந்த மீட்டருக்கு மதிப்பில்லை. எங்கள் தெரு மெக்கானிக் பாய் எந்த வண்டியின் முன்னால் போய் நின்றாலும் முதலில் கேட்பது ஒன்றைத்தான்: "இன்னா லோடு அடிச்ச வண்டி இது?"

அவர் கணக்கு இப்படி. காசிமேட்டில் மீன் லோடு அடித்த வண்டியைத் தொடவே கூடாது. ஐஸ் உருகி, மீன் தண்ணீரும் உப்பும் சேர்ந்து தொட்டியின் இடுக்குகளில் இறங்கிக்கொண்டே இருக்கும். மேலே புதுப் பெயின்ட் பளபளக்கும்; அடியில் படுத்து ஸ்குரூ டிரைவரால் குத்தினால் சேஸிஸிலிருந்து துரு தகடு தகடாக உதிரும். செங்கல், எம்-சாண்ட் ஏற்றிய வண்டியில் பின்பக்க ஸ்பிரிங் பட்டைக் கட்டு தட்டையாகிப் போயிருக்கும். கூடுதலாக ஒரு பட்டையைச் சொருகியிருந்தால் அதுவே சாட்சி. தண்ணீர் கேன் வண்டி தெருவுக்குத் தெரு நின்று நின்று கிளம்பியதால் கிளட்சும் ஸ்டார்ட்டர் மோட்டாரும் தேய்ந்திருக்கும். கோயம்பேட்டுக் காய்கறி வண்டிக்கு ராத்திரி ஓட்டம், தூர ஓட்டம். எஞ்சின் நன்றாகவே இருக்கும். ஆனால் ஓனர் ஒருவர், ஓட்டியவர் பத்துப் பேர். ஒருபக்கம் துறைமுகம், ஒருபக்கம் மீன்பிடித் துறைமுகம், வடக்கே மணலி ஆலைகள் என்று இரவும் பகலும் சரக்கு ஓடுகிற பகுதியில், வண்டிக்கு அடியில் படுத்தே ஆயுளைக் கழித்தவர் சேர்த்துவைத்த படிப்பு இது. எந்த ஐடிஐ-யிலும் இதைச் சொல்லித் தரமாட்டார்கள்.

எங்களுக்கு வண்டி வேண்டியிருந்தது வீடு மாறுவதற்கு. தூத்துக்குடியில் மாமனார் நடத்திவந்த வாடகைப் பாத்திரக் கடையை அவருக்குப் பிறகு பார்த்துக்கொள்ள ஆளில்லை. மாமியாரும் தனியாக இருந்தார். போய்விடுவது என்று முடிவானதும் சாமான் ஏற்ற லாரி விசாரித்தோம். தொகையைக் கேட்டதும் மனைவிதான் சொன்னாள்: "அங்க போனாலும் அண்டா குண்டா ஏத்த வண்டி வேணும். ஒரு நாள் வாடகைக்குக் குடுக்கிற காசை நம்ம வண்டியிலயே போடலாமே."

முதலில் குட்டி யானையைத்தான் நினைத்தோம். டாடா ஏஸ் 2005-ல் வந்தபோது இரண்டு சிலிண்டர், 702 சிசி டீசல் எஞ்சின்தான் அதற்கு. லோடு ஆட்டோவுக்கும் லாரிக்கும் நடுவில் காலியாகக் கிடந்த இடத்தை அது பிடித்துக்கொண்டது. வடசென்னைச் சந்துகளில் அது நுழையாத சந்து இல்லை. கூலிக்கு ஓட்டிக்கொண்டிருந்த பல பேரைச் சொந்த வண்டிக்காரர் ஆக்கியதில் அந்தச் சின்ன வண்டிக்குப் பெரிய பங்கு உண்டு, அதனால் அதன்மேல் எனக்கு மரியாதை அதிகம். ஆனால் ஒரு குடும்பத்தின் சாமான் மொத்தத்தையும் ஏற்றிக்கொண்டு அறுநூறு கிலோமீட்டர் போவதென்றால் அதற்குச் சிரமம். "தோஸ்த் பாரு தம்பி," என்றார் பாய்.

தோஸ்த் அசோக் லேலண்டின் வண்டி. அசோக் லேலண்ட் என்றால் எங்கள் பக்கத்துக்குச் சொந்தப் பேர். ரகுநந்தன் சரண் 1948-ல் தன் மகன் அசோக்கின் பெயரில் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பூட்டிக்கொண்டிருந்தது. பிறகு இங்கிலாந்தின் லேலண்டோடு சேர்ந்து, 1955-ல் அசோக் லேலண்ட் ஆனது. எண்ணூர் கம்பெனியில் வேலை என்றால் பெண் கொடுக்கிற வீட்டில் வேறு எதுவும் விசாரிக்கமாட்டார்கள் என்று என் அம்மா சொல்வாள். தோஸ்த் எண்ணூரில் பிறந்த வண்டி அல்ல. நிசானோடு கூட்டுச் சேர்ந்து 2011-ல் ஓசூரில் செய்ய ஆரம்பித்தார்கள். மூன்று சிலிண்டர், ஒன்றரை லிட்டர் டர்போ டீசல். ஒன்றேகால் டன் ஏற்றலாம்.

பார்த்த வண்டிகளில் பெரும்பாலானவற்றைப் பாய் கீழே குனிந்த வேகத்திலேயே நிமிர்ந்து, "வேணாம்" என்றுவிட்டார். ஒன்றில் சேஸிஸில் வெல்டிங். ஒன்றில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்ததும் குபுகுபுவென்று புகை. வியாசர்பாடியில் ஒரு ஷெட்டில் நின்ற 2015 மாடல் தோஸ்தைப் பற்றிப் புரோக்கர், "மெத்தை லோடு பாய். பஞ்சு மெத்தை. வேற எதுவும் ஏத்துனதில்ல," என்றார். புரோக்கர் சொல்வதை நம்பக் கூடாதென்பது ஊரறிந்த விஷயம். பாய் எதுவும் பேசாமல் பின்கதவை இறக்கி, அதன் கீல் இடுக்கில் ஒரு கம்பியை விட்டு நெம்பினார். கறுத்துப்போன பஞ்சுச் சுருள் ஒன்று வந்தது. இன்னொரு இடுக்கில் விட்டார், அங்கேயும் பஞ்சு. அதை உள்ளங்கையில் வைத்து ஊதிவிட்டு என்னைப் பார்த்தார். அவ்வளவுதான், வண்டி எங்களுடையது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

மறுநாள் காலையில், இரவெல்லாம் ஆறிக் கிடந்த எஞ்சினில் கையை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அவர் சாவியைத் திருப்பினார். சூடாக்கி வைத்த எஞ்சின் எல்லாக் குறையையும் மறைத்துவிடுமாம். ஒரே திருப்பலில் பிடித்தது. நீலப் புகை வந்தால் எஞ்சின் ஆயில் குடிக்கிறது, கறுப்பு வந்தால் இன்ஜெக்டரில் கோளாறு. இதில் இரண்டும் இல்லை. பின் கட்டில் பட்டைகள் வளைவு குறையாமல் இருந்தன. பஞ்சின் கனம் அவ்வளவுதானே.

காகிதத்தில் கவனமாக இருந்தோம். ஆர்சி-யில் வண்டிமேல் உள்ள கடன் ஹெச்பி என்று ஏறியிருந்தது. கடன் கட்டி முடித்த சான்றோடு படிவம் 35 கொடுத்து அதை ரத்து செய்த பிறகுதான் மீதிப் பணம் என்றோம். எட்டு வருஷம் தாண்டிய சரக்கு வண்டிக்கு வருஷா வருஷம் எஃப்சி காட்ட வேண்டும். அதில் எத்தனை மாதம் பாக்கி என்பது விலையில் சேரும். பெயர் மாற்ற படிவம் 29-ம் 30-ம். இன்ஷூரன்ஸை 14 நாளுக்குள் நம் பெயருக்கு மாற்ற எழுதிக் கொடுக்க வேண்டும். பழைய ஓனரின் ஃபாஸ்டேக்கைப் பிய்த்துவிட்டுப் புதிது ஒட்ட வேண்டும். என்னிடம் இருந்தது சாதாரண கார் லைசென்ஸ்தான். 7,500 கிலோவுக்குக் குறைவான சரக்கு வண்டிக்கு அதுவே போதும் என்று உச்ச நீதிமன்றம் 2017-ல் சொல்லி, 2024 நவம்பரில் அரசியல் சாசன அமர்வும் உறுதி செய்துவிட்டது. சின்ன வண்டிக்காரர்களுக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி என்பதை ஷெட்டில் உட்கார்ந்து கேட்டால்தான் தெரியும். இதில் எனக்குப் பிடித்த வேலை சேஸிஸ் நம்பர் எடுப்பது. எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, மெல்லிய காகிதத்தை இரும்பின்மேல் அழுத்திப் பிடித்து, பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தால் ஒவ்வோர் எழுத்தாக வெள்ளையில் எழும்பி வரும்.

வண்டி வந்த பிறகு புறப்படும்வரை கிடைத்த நாட்களை நான் வீணாக்கவில்லை. விடியற்காலையில் கிளப்பிக்கொண்டு ராயபுரம், காசிமேடு வழியாக எண்ணூர் வரை போவேன். கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கிற சாலையில், அவற்றின் சக்கர உயரத்துக்குக் கொஞ்சம் மேலே உட்கார்ந்து போகிற அந்த இருப்பு எந்தக் காரிலும் வராது. லாரி டிரைவர்கள் இடம் கொடுத்து, கையைக் காட்டி முன்னால் போகச் சொல்வார்கள். மஞ்சள் போர்டு கட்டிய வண்டிக்கு அங்கே ஓர் உறவு இருக்கிறது. திருவொற்றியூர் வடிவுடையம்மன் கோயிலில் எலுமிச்சம்பழம் நசுக்கிப் பூஜை போட்டோம். எதிர்வீட்டு அக்காவின் பிரிட்ஜ், கேரம் கிளப்பின் போர்டுகள், யாரோ ஒருவரின் மகள் வீட்டுக்குச் சீர் கட்டில் என்று தெருவே வேலை கொடுத்தது. பிறந்து வளர்ந்த இடத்தை விட்டுப் போகிறவனுக்கு அதைவிட நல்ல வழியனுப்பு என்ன இருக்கிறது? சும்மா போய்ச் சொல்லிவிட்டு வந்திருந்தால் வாசலோடு முடிந்திருக்கும். சாமான் ஏற்றப் போனதால் ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் போனேன், டீ குடித்தேன்.

அந்தப் பஞ்சுச் சுருளை மனைவி சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். என் தாத்தா பி அண்ட் சி மில்லில் நெசவுக்காரர். பஞ்சு ஏறி, துணியாக இறங்கிக்கொண்டிருந்த அந்த மில்லால்தான் புளியந்தோப்பும் பெரம்பூரும் ஊரானது. 1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கம் இங்கேதான் உருவானது; 1921-ல் மாதக்கணக்கில் நீண்ட வேலைநிறுத்தமும் துப்பாக்கிச் சூடும் இதே தெருக்களில்தான் நடந்தன. 1996-ல் மில் மூடியபோது தாத்தா இல்லை. இருந்திருந்தால் மெத்தைப் பஞ்சைப் பார்த்தே எந்த ரகம் என்று சொல்லியிருப்பார்.

சாமான் ஏற்றுகிற வேலையைப் பக்கத்து வீட்டுப் பெரியவர் எடுத்துக்கொண்டார். துறைமுகத்தில் நிலக்கரி இறக்கியவர். உயர் நீதிமன்ற உத்தரவால் 2011 அக்டோபரோடு சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி நின்று எண்ணூருக்குப் போகும்வரை, ராயபுரத்தில் காயப்போட்ட வேட்டி கறுப்பாகித்தான் வீட்டுக்குள் வரும். அவர் வண்டியைச் சுற்றி ஒரு தடவை நடந்தார்; பிறகு ஆட்களுக்குக் கட்டளை. கனமான சாமான் கேபினை ஒட்டி. பீரோவை மல்லாத்திப் படுக்கவை; உள்ளே துணி இருக்கட்டும், ஆடாது. அம்மி நடுவில், தரையோடு. தையல் மிஷினின் சக்கரத்தைக் கயிறு போட்டுக் கட்டு. கண்ணாடி இரண்டு மெத்தைக்கு நடுவில். தார்ப்பாய் போடும்போது முன்பக்க மடிப்பு மேலே வர வேண்டும், அப்போதுதான் காற்று உள்ளே புகுந்து தூக்காது. கடைசி முடிச்சைப் போட்டுவிட்டு, கயிற்றைச் சுண்டிப் பார்த்தார். "மதுரயில ஒரு வாட்டி இறுக்கிக்க நைனா. அதுவரிக்கும் கவலயே படாத." எடைமேடையில் ஏற்றிப் பார்த்தோம், சாமானின் எடை ஒரு டன்னுக்குச் சற்றுக் குறைவு.

மனைவியும் மகளும் முந்தின இரவே முத்துநகர் எக்ஸ்பிரஸில் ஏறிவிட்டார்கள். நானும் மச்சானும் இருட்டோடு கிளம்பினோம். டவுட்டன், வேப்பேரி, கத்திபாரா. பரனூர் சுங்கச்சாவடியைத் தாண்டும்போது கிழக்கு வெளுத்தது. அறுபதுக்குமேல் போவதில்லை என்று பேசிவைத்திருந்தோம். அந்த வேகத்தில் போனால் நெடுஞ்சாலை வேறு ஊராகத் தெரிகிறது. மதுராந்தகம் ஏரிக்கரை முழுசாக ஒரு பாட்டு நேரம் கூடவே வந்தது. கார்கள் விர்ரென்று தாண்டிப் போக, எங்களைப் போலவே சாமான் கட்டிய ஒரு குட்டி யானை திண்டிவனம் முதல் உளுந்தூர்பேட்டை வரை முன்னும் பின்னுமாகத் துணைக்கு வந்தது. அதன் டிரைவர் டீக்கடையில் எங்கள் வண்டியைச் சுற்றிவந்து, முதலில் கேட்டார்: "என்ன லோடு அடிச்ச வண்டிண்ணே?"

மெத்தை என்றேன். "ராஜா வண்டி," என்றார்.

பெரம்பலூர் தாண்டியதும் வெயில் ஏறிவிட்டது. ஏற்றங்களில் நான்காவது கியருக்கு இறக்கி, வேகம் குறையாமல் வண்டி மூச்சுப் பிடித்து ஏறுவதைக் காலடியில் உணர முடிந்தது. டர்போ பிடிக்கிற இடம் எது, எந்த இடத்தில் ஆக்சிலேட்டரைத் தளர்த்தினால் டீசல் மிச்சம் என்பதெல்லாம் சமயபுரத்துக்குள் பழகிவிட்டது. கொள்ளிடமும் காவிரியும் தாண்டி, விராலிமலை, துவரங்குறிச்சி, மேலூர். மதுரை சுற்றுச்சாலையில் ஓரங்கட்டி, பெரியவர் சொன்னபடி கயிற்றை இறுக்கப் போனோம். ஒரு விரல்கூடத் தளரவில்லை. மச்சான் முடிச்சைத் தொட்டுப் பார்த்துவிட்டு அப்படியே அவருக்குப் போன் போட்டுச் சொன்னான். எதிர்முனையில் அவர் சிரித்த சிரிப்பு எனக்குக் கேட்டது.

அருப்புக்கோட்டைக்குத் தெற்கே மண் கறுக்கிறது. எட்டயபுரம் போர்டைப் பார்த்ததும் மச்சான் வேகத்தைக் குறைத்தான். அந்த ஊரில் பிறந்த பாரதி 1921 செப்டம்பரில் திருவல்லிக்கேணியில் கண்மூடியபோது, புளியந்தோப்பு கொதித்துக்கொண்டிருந்தது. அதற்கும் பதிமூன்று வருஷம் முன்பு, 1908-ல், தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்களைத் திரட்டி வ.உ.சி. நடத்திய வேலைநிறுத்தம் கூலி உயர்வை வாங்கித் தந்தது. நான் விட்டுவந்த ஊரும் போய்ச் சேரும் ஊரும் ஒரே ரகம்தான்: துறைமுகம், மில், உப்புக் காற்று, நிலக்கரி. புது ஊர் என்ற பயம் எனக்குக் கடைசிவரை வராததற்கு அதுவும் காரணம்.

கடை வாசலில் வண்டியை நிறுத்தும்போது நன்றாக இருட்டிவிட்டது. மாமனார் காலத்திலிருந்து கடையில் இருக்கிற அண்ணாச்சி டார்ச்சோடு வந்தார். என்னிடம் பயணம் எப்படி என்று கேட்டுவிட்டு, குனிந்து பின் பட்டைக் கட்டில் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். தொட்டியின் நீள அகலத்தைக் கையால் சாண் போட்டார்.

"பெரிய அண்டா எட்டு நிக்கும். மேல தேக்சா அடுக்கிக்கிடலாம். தம்பி, இந்தச் சாமானை எல்லாம் ராத்திரியே எறக்கிருவோம். நாளைக்கு முள்ளக்காட்டுல ஒரு கல்யாணம் இருக்கு, அஞ்சு மணிக்கு வண்டி அங்க நிக்கணும்."