உயிரோடிருக்கும் மாணவன்

மார்ச் 24, 1989

நேற்று யூட்டா பல்கலைக்கழகத்தில் பான்ஸும் ஃப்ளைஷ்மனும் நிருபர்களைக் கூட்டிச் சொன்னது இன்று ஊரெல்லாம் பேச்சு. கனநீரில் பலேடியம் கம்பியை வைத்து மின்சாரம் விட்டால், சூரியனுக்குள் நடப்பது கண்ணாடிக் குடுவைக்குள் நடக்கிறதாம். புனித வெள்ளி விடுமுறையிலும் பேராசிரியர் காலையிலேயே வந்துவிட்டார். “உன் ஆய்வேடு கொஞ்ச நாள் தூங்கட்டும்” என்றார். நான்கு வருட உழைப்பு!

ஏப்ரல் 1

பலேடியம் கிடைப்பது குதிரைக்கொம்பாகிவிட்டது.

ஏப்ரல் 8

செல் ஓடத் தொடங்கிவிட்டது. வெப்பம் அளப்பது வேதியியல்காரர்கள் பாடு. நியூட்ரானைப் பிடிப்பது என் பாடு.

இரண்டு டியூட்டீரியம் கருக்கள் இணைந்தால் ஏறக்குறையப் பாதித் தடவை ஹீலியம்-3உம் 2.45 எம்.இ.வி. ஆற்றலுள்ள நியூட்ரானும் வரும். மீதிப் பாதியில் டிரிட்டியமும் புரோட்டானும். புரோட்டான் குடுவையைத் தாண்டாது. நியூட்ரான் சுவரையே தாண்டும். அதைப் பிடிக்கத்தான் மெழுகுக்கட்டிக்குள் இரண்டு போரான் ட்ரைஃபுளோரைடு குழாய்கள். மெழுகு வேகத்தைத் தணிக்கும், போரான் விழுங்கும், ஒலிபெருக்கியில் ஒரு ‘டிக்’.

சிக்கல் என்னவென்றால், செல்லை அணைத்தாலும் டிக். காஸ்மிக் கதிர். மாடிக்கு லிஃப்ட் கிளம்பினால் மின் இரைச்சலில் படபடவென்று ஒரு கொத்து. இதில் எந்த டிக் நம்முடையது?

யூட்டாக்காரர்கள் வாட் கணக்கில் வெப்பம் என்கிறார்கள். ஒரு வாட் இணைவுக்கு நொடிக்கு லட்சம் கோடி நியூட்ரான் வர வேண்டும். ஒரு மீட்டர் தள்ளி உட்கார்ந்திருப்பவன் ஒரு மணி நேரத்தில் சாவதற்கு வேண்டியதை வாங்கிக்கொண்டுவிடுவான். பக்கத்து அறைக் கோட்பாட்டுக்காரர் தினமும் கதவருகே நின்று, “இன்னும் உயிரோடுதான் இருக்கிறாயா?” என்று கேட்டுவிட்டுப் போகிறார். முதல் நாள் சிரித்தேன்.

ஏப்ரல் 15

ஜார்ஜியா டெக் திங்களன்று நியூட்ரான் என்றது; வாரம் முடியுமுன் வாபஸ். அவர்களுடையதும் நம் குழாய் ஜாதிதான். சூடு பட்டால் அதுவே கூடுதலாக எண்ணுமாம். நம் குழாயை வெந்நீர்க் குடுவை அருகே வைத்துப் பார்த்தேன். எண்ணிக்கை மாறவில்லை. இதில் சந்தோஷப்பட வேண்டுமா என்றே தெரியவில்லை.

ஏப்ரல் 19

தூக்கமில்லை. ஒன்றுமில்லை.

ஏப்ரல் 27

விடியற்காலை. இரண்டு குழாயும் ஒரே சமயத்தில் எகிறின! லிஃப்ட் ஓடவில்லை. கை நடுங்கியது. பேராசிரியரைத் தூக்கத்திலிருந்து எழுப்பினேன். மேல்சட்டைப் பொத்தான் மாறிப் போட்டுக்கொண்டு ஓடி வந்தார். அதற்குள் எல்லாம் அடங்கிவிட்டது. காஸ்மிக் கதிர் பக்கத்திலிருக்கும் ஈயக்கட்டியில் மோதினாலும் நியூட்ரான்கள் கொத்தாகத் தெறிக்கும் என்றார். நியாயம்தான். ஆனால் அவர் வீட்டுக்குத் திரும்பிப் போகவில்லை.

மே 3

பால்டிமோர் இயற்பியல் சங்கக் கூட்டத்தில் கால்டெக்கின் கூனினும் லூயிஸும் கிழித்துத் தோரணம் கட்டிவிட்டார்களாம். போய் வந்தவர்கள் கல்யாண வீட்டுக்குப் போய் வந்தவர்கள் மாதிரி சிரிக்கிறார்கள்.

மே 21

நியூட்ரானுக்குச் சாட்சியாக யூட்டா காட்டிய காமா கதிர் உச்சத்தை எம்.ஐ.டி.யின் பெட்ராஸோ ‘நேச்சர்’ இதழில் பிரித்து மேய்ந்திருக்கிறார். 2.22 எம்.இ.வி.யில் உச்சம் இருந்தால் 1.99இல் காம்ப்டன் விளிம்பு இருக்க வேண்டும். இல்லை. உச்சத்தின் அகலமும் கருவிக்குப் பொருந்தவில்லை. இந்த மாதிரி ஒரு கட்டுரை எழுதத்தான் எனக்கு ஆசை. பொறாமையாக இருக்கிறது.

ஜூன் 6

அப்பாவிடமிருந்து ஏரோகிராம். ‘பேப்பரில் படித்தேன். கரண்ட் இனி இலவசம் என்கிறார்களே, நிஜமா? எதற்கும் நீ அந்தப் பெட்டி பக்கத்தில் ரொம்ப நேரம் நிற்காதே. உடம்பைப் பார்த்துக்கொள்.’

‘பயப்படாதீர்கள் அப்பா, அதிலிருந்து எதுவும் வருவதில்லை’ என்று பதில் போட்டேன். அப்பாவுக்கு நிம்மதி. பேராசிரியருக்கு இதே வரியை எப்படி எழுதிக் கொடுப்பது?

ஜூலை 17

ஜெர்மனியில் கார்ல்ஸ்ரூ மாநாட்டில் பி.கே. ஐயங்கார் டிராம்பே அணு ஆராய்ச்சி மையத்தின் முடிவுகளைப் படித்திருக்கிறார். நியூட்ரானும் உண்டு, டிரிட்டியமும் உண்டு. ஆனால் டிரிட்டியம் நியூட்ரானைவிடப் பல மடங்கு, மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். சரிபாதியாக வர வேண்டியவை அல்லவா! பேராசிரியர் உதட்டைப் பிதுக்கினார்.

செல்லைப் பிரித்துப் போட்டு மூன்று வாரமாகிறது. ஏப்ரலில் ஓடிய கனநீரைக் கொட்டிவிட்டோமா என்று சும்மா கேட்டு வைத்தேன்.

“என் அலமாரியில் இருக்கிறது” என்றார்.