மண்டையில் ஏறிய எழுத்து

'பொம்பளைக்குப் படிப்பு மண்டையில ஏறாது' என்று சொல்கிறவர்கள் யாரும் மண்டைக்குள் பார்த்துவிட்டுச் சொல்வதில்லை. பார்த்தவர்கள் சொல்வது வேறு. படிப்பதற்கென்று பிறவியிலேயே ஒதுக்கிய இடம் யார் மூளையிலும் கிடையாது, ஆண் மூளையிலும்தான். எழுத்து தோன்றி ஐயாயிரத்துச் சில்லறை ஆண்டுகள்தான் ஆகின்றன. அதற்குள் புதிதாக ஓர் உறுப்பு முளைத்துவிடாது. முகங்களையும் பொருள்களையும் அடையாளம் கண்டுகொண்டிருந்த பகுதியில், இடது மூளையின் பின்புறக் கீழ்ப்பக்கம், ஒரு சிறு இடம் பழகப் பழக எழுத்துக்கென்று மாறுகிறது. சீனம் வாசிப்பவருக்கும் ஆங்கிலம் வாசிப்பவருக்கும் ஏறக்குறைய அதே இடம்.

1892இல் பாரிஸ் மருத்துவர் ஜூல் தெஜெரின், எழுத முடிந்தும் தான் எழுதியதையே வாசிக்க முடியாமல் போன ஒருவரைப் பற்றி எழுதினார். (நரம்பு மையங்களின் உடற்கூறு குறித்த அவரது பெரிய நூலில் உடனுழைத்தவர் அவர் மனைவி, மருத்துவர் அகஸ்தா க்லும்ப்கே. நூல் முகப்பில் 'ஒத்துழைப்புடன்' என்ற இடத்தில் நிற்கிறது அவர் பெயர். நமக்குப் பழகிய இடம்தான்.)

என்னை அதிகம் யோசிக்க வைத்தது லக்னோ பக்கத்துக் கிராமங்களில் நடந்த ஆய்வு. 2017இல் வெளியானது. எழுத்தே அறியாத, பெரும்பாலும் முப்பதுகளில் இருந்த பெண்களுக்கு ஆறு மாதம் தேவநாகரி கற்பித்து, முன்னும் பின்னும் மூளையைப் படமெடுத்தார்கள். பார்வைப் புறணிக்கும், ஆழத்தில் இருக்கும் தாலமஸ், மூளைத்தண்டுக்கும் இடையிலான இணைப்பே வலுத்திருந்தது. எழுத்து வந்தால் முகம் காணும் திறன் குறையுமோ என்ற ஐயத்துக்கும் அங்கேயே பதில் கிடைத்தது: 2019இல் வந்த ஆய்வில் அப்படிக் குறையவில்லை.

என் பெரியம்மா புதுக்கோட்டைக்காரி. கல்குவாரியில் ஜல்லி உடைத்தவள். 1991இல் அறிவொளி இயக்கம் வந்தபோது அவளுக்கு நாற்பதுக்கு மேல். ராத்திரி வகுப்பில் 'ப'வையும் 'ட'வையும் பழகினாள். எந்தக் குழந்தையைப் பார்த்தாலும் 'இது இன்னார் பேத்தி' என்று சொல்லும் அவள் கண் அதன்பிறகும் மங்கவில்லை. சில மாதம் கழித்து ஒருநாள் என்னிடம் அலுத்துக்கொண்டாள்: "முந்தியெல்லாம் செவுரு செவுராத்தான் இருக்கும். இப்ப எதப் பாத்தாலும் படிச்சுத் தொலைக்குதுடி கண்ணு. நிறுத்த முடியல." ஓரிடம் தொழில் மாறியதை இதைவிடத் துல்லியமாக நான் எந்த நூலிலும் வாசித்ததில்லை.

எந்த எழுத்தில் பழகுகிறோம் என்பதும் மூளைக்குக் கணக்குத்தான். தமிழ் மட்டும் வாசிப்பவர்களையும், ஆங்கிலமும் சேர்த்து வாசிப்பவர்களையும், எழுத்தறியாதவர்களையும் வைத்து எரிக் பீடர்சன் 2003இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். உருவத்தையும் அதன் கண்ணாடி பிம்பத்தையும் வேறென்று பிரித்தவர்கள் ஆங்கிலமும் அறிந்தவர்கள். தமிழ் மட்டும் வாசிப்பவர்கள் எழுத்தறியாதவர்களைப் போலவே நடந்துகொண்டார்கள். 'b'யையும் 'd'யையும் பிரித்தே ஆகவேண்டிய கண்ணுக்குத்தான் அந்தப் பழக்கம் வேண்டியிருக்கிறது. இதைக் குறை என்று எடுத்துக்கொள்ள எனக்கு விருப்பமில்லை.

அந்த இடம் எழுத்துக்கூட்டுவதிலிருந்து சொல்லை ஒரே பார்வையில் பிடிக்கும் நிலைக்கு வர ஆண்டுக்கணக்கில் வாசிப்பு வேண்டும். பெரியம்மாவுக்குக் கிடைத்தது ஆரம்பப் பாடப் புத்தகங்கள் மட்டும். அவை முடிந்ததும் வகுப்பும் முடிந்தது. பிறகு அவள் வாசிக்க இருந்தவை பஸ் போர்டு, சுவர் விளம்பரம், ரேஷன் கடைப் பலகை. வீட்டுக்கு வந்த செய்தித்தாள் பெரியப்பா கையில் இருந்தது. அது அவளிடம் வரும்போது கிழிந்து, ஊறுகாய் ஜாடிக்கு மூடியாகியிருக்கும். மூடியைக் கட்டுமுன் அதில் தெரிகிற வரைக்கும் வாசித்துவிட்டுத்தான் கட்டுவாள்.